பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள்

அந்தக்கா கோட்டை பார்க்கப் போனால் மேலே பார்க்காது. நாங்களெல்லாம் அண்ணாந்து, "யப்பா, இன்னா ஒசரம்!" என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். அக்கா மட்டும் குனிந்துகொண்டிருக்கும். எங்கே பள்ளம், எங்கே கிணறு, எங்கே இருட்டு அறை, சுவரில் எங்கே ஆள் நுழைகிற பொந்து என்று தேடும். கிடைத்துவிட்டால் ஒரு கல்லைப் பொறுக்கி உள்ளே போட்டுவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்கும். அப்புறம் திரும்பி என்னைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்ததும் நான் மெதுவாகப் பின்னால் நகருவேன். ஏனென்றால் அடுத்த வேலை என்னுடையது.

"வா தம்பி. கூப்புடு."

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் அங்கே மூட்டை தூக்குகிறவன். அக்கா மற்ற பெண்களோடு உட்கார்ந்து பருப்பு பொறுக்கும். எனக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. சாக்கின் மேல் மையால் அடித்திருக்கும் எழுத்துகளைத் தூக்கித் தூக்கித்தான் எழுத்து வந்தது. அதனால் என் மண்டையில் படிப்பு ஏறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, மண்டைமேல் நன்றாகவே ஏறியது. ஆனால் குரல் மட்டும் கடவுள் தாராளமாகக் கொடுத்திருந்தார். மண்டி வாசலில் நின்று வண்டிக்காரனைக் கூப்பிட்டால், ஸ்டேஷனில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். தைரியம்தான் கொஞ்சம் கம்மி. பக்கத்து மூட்டை தானாகச் சரிந்தால்கூட நான் தெருவில் இருப்பேன்.

அக்கா என்னைப் பிடித்தது அந்தக் குரலுக்காக.

அதன் வீட்டுக்காரர் ஊர் பார்க்கிற கிறுக்குப் பிடித்தவர். அவரை நான் பார்த்ததில்லை. நான் மண்டிக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். ரைஸ் மில்லில் வேலை. ஒரு நாள் லீவு கிடைத்தால் மற்றவர்கள் சினிமாக் கொட்டாய்க்குப் போவார்கள், அவர் பஸ் ஏறிவிடுவாராம். இடிந்த கோட்டை, பாழடைந்த அரண்மனை, குகைக் கோயில், ராஜா குளித்த குளம், ராணி விழுந்த கிணறு. பார்த்துவிட்டு வந்து, பார்த்ததற்கு மேலேயே சொல்வாராம். "அந்த வாயைக் கேட்டுக்கினே சோறாக்கினா, அடி புடிச்சதுகூடத் தெரியாது" என்று அக்கா சொல்லும். ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கோட்டையைப் பார்த்துட்டு வந்துடறேன், மீன் கொழம்பு வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மீன் குழம்பு வைத்தது. அவர் வரவில்லை.

"எந்தக் கோட்டைன்னு கேக்கலையாக்கா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கேட்டிருப்பேன்டா. மீன்காரி வாசலைத் தாண்டிப் போய்க்கினு இருந்தா. அவளைப் புடிக்க ஓடிட்டேன். எது முக்கியம்னு அப்பத் தெரியுமா?"

எங்கள் பக்கம் கோட்டைக்கா பஞ்சம்? செஞ்சியில் கோட்டை. வேலூரில் கோட்டை. கடலோரத்தில் இடிந்த கோட்டை. மெட்ராஸில் கோட்டை. கோட்டை என்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செங்கல்கூட இல்லாத ஊர்கள் வேறு.

அக்காவின் நெற்றியில் குங்குமம் எட்டணா அகலத்துக்கு இருக்கும். தண்ணீருக்கே ஜனங்கள் அலைகிற கோடையிலும் தலையில் கனகாம்பரம் இருக்கும். மண்டிப் பெண்கள் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அக்கா பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லும்: "அவரு வர்ற நேரத்துல நான் வெறுந்தலையா நின்னா, யாரு வூட்டுக்கோ வந்துட்டோம்னு திரும்பிப் போய்டுவாருடி." அப்புறம் அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மண்டிக்காரர் எங்களுக்கு லாரியை விட்டுக்கொடுப்பார். எங்கே வேண்டுமானாலும் போய்ச் சுற்றிவிட்டு வரலாம். ஆம்பளைகள் ஒன்று சொல்வோம், பெண்கள் ஒன்று சொல்வார்கள். கடைசியில் லாரி அக்கா சொன்ன இடத்துக்குப் போகும். முதல் வருஷம் செஞ்சிக் கோட்டை. லாரி புறப்பட்டதும் அக்கா என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டது.

"தம்பி, அங்க வந்து நீ ஒரு பேரைச் சொல்லிக் கூப்புடணும். நான் சொல்லக் கூடாது."

"யாரு பேருக்கா?"

"அவரு பேருதான்."

"சரி, இன்னா பேரு?"

அக்கா பல்லைக் கடித்தது. கட்டினவர் பேரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போது உயிரே போனாலும் சொல்லமாட்டார்கள்.

"அஞ்சுக்கு அடுத்தது."

"ஆறு."

"அது கூட மூஞ்சி."

"ஆறுமூஞ்சியா?"

லாரியே குலுங்கியது. அக்காவும் சிரித்துவிட்டது. "கட்டையில போறவனே, மூஞ்சியை மரியாதையாச் சொல்லுடா!"

"திருமூஞ்சிங்களா?"

"டேய் மூட்டை, ஆறுமுகம்டா!" என்று டிரைவர் முன்னாலிருந்து கத்தினார். மண்டியில் என் பேரே மூட்டைதான்.

செஞ்சியில் எல்லாரும் மலை ஏறப் போனார்கள். அக்கா என்னை இழுத்துக்கொண்டு கீழே ஒரு பெரிய பாறைக்குப் போனது. பாறைக்கு நடுவே கிணறு மாதிரி ஒரு ஓட்டை. அந்தக் காலத்தில் குற்றம் செய்தவனை அதில் தள்ளிவிட்டு, சோறு தண்ணீர் கொடுக்காமல் விட்டுவிடுவார்களாம். இதை டிரைவர் வழியெல்லாம் ரசித்து ரசித்துச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். நான் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, தலையை மட்டும் நீட்டினேன். உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளே இன்னொரு இருட்டு.

"அக்கா, எனக்கு இருட்டுன்னா ஆவாது."

"இருட்டுன்னா இன்னாடா? வெளிச்சம் வரல, அவ்ளோதான். கூப்புடு."

"ஆறுமுகம்!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து யாரோ, "முகம்... முகம்..." என்றார்கள். என் குரல்தான். ஆனால் அது என்னைவிட வயதான குரலாக இருந்தது. அடுத்த நிமிஷம் கறுப்பாக என்னவோ படபடவென்று மேலே எழும்பி என் காதை உரசிக்கொண்டு போனது. நான் ஓடினேன். வேட்டி அங்கேயே நின்றது. அதற்கு என்னைவிடத் தைரியம்.

லாரிக்கு அடியில் உட்கார்ந்திருந்த என்னிடம் அக்கா வேட்டியைக் கொண்டுவந்து போட்டது. "கட்டிக்கோ. புறாடா அது. உள்ள யாரும் இல்ல."

"எப்படிக்கா தெரியும்?"

"அவரு இருந்தா, நீ கூப்ட்ட கூப்புக்கு 'எவன்டா அவன் மரியாதை இல்லாத பய'ன்னு திட்டியிருப்பாரு."

சொல்லிவிட்டு அக்கா சேலையை உதறிக் கட்டிக்கொண்டது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அவரைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று அக்கா வரவில்லை. அவர் அங்கே விழுந்து கிடக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வந்திருக்கிறது. ஒரு கோட்டையில் இல்லை என்றால் அக்காவுக்கு ஒரு வருஷம் தூக்கம் வரும்.

அதற்கப்புறம் இப்படியே போனது. விழுப்புரம் பக்கம் ஒரு குகைக் கோயிலில் வாசலுக்கு இரண்டு பக்கமும் கல்லில் காவல்காரர்கள் நின்றிருந்தார்கள். ஆள் உயரம். கண் என் மேலேயே இருந்தது. "சாமி, நான் சும்மா கத்துறதுக்கு வந்தவன், என்னைக் கணக்குல வெச்சுக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வாயைத் திறந்தேன். வேலூரில் அகழியைப் பார்த்துக் கூப்பிடச் சொன்னது. அகழியில் முதலை இருந்த கதையை அதன் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறாராம். "முதலை தின்னிருந்தா எப்படிக்கா பதில் சொல்வாரு?" என்று கேட்டேன். அக்கா என் முதுகில் ஒன்று வைத்தது. வலித்தது. அன்றைக்கு அது என்னிடம் பேசவே இல்லை.

எதற்கும் பயப்படாத பொம்பளை என்று மண்டியில் பேர். பேய் இருக்கிறது என்று சொன்ன இடத்தில் முதலில் காலை வைக்கும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கடலோரக் கோட்டைக்குப் போகிறவரைக்கும்.

அந்தக் கோட்டையில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருக்கிற சுவருக்குள் முள்ளுச் செடியும் மணலும். வெயில் பளபளவென்று இருந்ததால் எனக்குக்கூட அவ்வளவாகப் பயமில்லை. சுவரில் ஒரு வளைவு, அதற்கு அப்பால் நிழல். அக்கா கல்லைப் போட்டது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மண்டியில் வண்டியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன்.

"ஆறுமுகம்!"

"இன்னாய்யா?" என்றது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓடக்கூட முடியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அதன் கை தானாகத் தலைக்குப் போய்ப் பூவைத் தொட்டது. அப்புறம் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டது. உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை.

வளைவுக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தார். கோவணத்தோடு, தோளில் கிழிந்த வலை. "நான்தான் ஆறுமுகம். யாரு கூப்ட்டது?"

மீன் பிடிக்கிறவர். நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு அங்கமாகப் பார்த்தது, முகம், கை, கால். ஒருவேளை வெயிலில் காய்ந்து, கடல் காற்றில் மாறிப்போன அவர்தானோ என்று தேடின மாதிரி. அந்த ஆள் பயந்துபோய் இரண்டு அடி பின்னால் போனார்.

"நீங்க இல்லீங்க" என்றது அக்கா. "தப்பா நெனச்சுக்காதீங்க. வேற ஒருத்தரு."

திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. லாரி குலுங்குவதால் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். ரோட்டோரம் டிரைவர் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். அப்போதும் கம்பியை விடவில்லை.

அந்த வருஷம்தான் மூத்தார் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்காரரின் அண்ணன். விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனது.

"நான் இன்னாக்கா பண்ணணும்?"

"சும்மா நில்லு. எனக்கு அழுகை வர்ற மாதிரி இருந்தா, நீ பலமா இருமு."

மூத்தார் கெட்டவர் இல்லை. கையெல்லாம் கிரீஸ். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டே பேசினார்.

"காணாமப் போனவங்களுக்குச் சாஸ்திரத்துல இத்தினி வருஷம்னு ஒரு கணக்கு கீதும்மா. நம்ம தம்பிக்கு அது இந்தக் கார்த்திகையோட முடியுது. தர்ப்பையில ஆள் மாதிரி கட்டி, காரியம் பண்ணிடணும்னு ஐயரு சொல்றாரு."

சக்கரத்தை மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"தையில எம்பொண்ணு கல்யாணம். நீ பூவும் பொட்டுமா முன்னால வந்து நின்னா, சம்பந்தி வூட்டுல ஒரு மாதிரி பேசறாங்க. ஒண்ணு அவன் இருக்கணும். இல்ல, நீ அதையெல்லாம் எடுத்துடணும். ரெண்டுங்கெட்டானா எத்தினி நாளு?"

நான் இருமினேன். அக்கா என்னை முறைத்தது. அழுகை வரவில்லையாம்.

"காரியம் யாருக்கு மாமா பண்ணுவாங்க?"

"செத்தவனுக்கு."

"செத்துட்டாரா? எங்கன்னு காட்டுங்க. நானே தாலியை அவுத்து உங்க கையில குடுத்துடறேன்."

சக்கரம் நின்றது. மூத்தாரின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு மட்டும் ஆசையாம்மா? கூடப் பொறந்தவன்மா. அவனுக்கு நடக்கக் கத்துக்குடுத்ததே நான்தான். இவ்ளோ நடப்பான்னு தெரிஞ்சிருந்தா கத்துக்குடுத்திருக்க மாட்டேன்." மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "மெட்ராஸ்ல செத்த காலேஜ்னு ஒண்ணு கீதாம். செத்ததையெல்லாம் அங்கதான் கொண்டாந்து வெச்சிருக்கானுங்களாம். அங்க போய்ப் பார்த்துடலாம்."

மெட்ராஸ் மியூசியத்துக்கு அப்போது ஜனங்கள் வைத்த பேர் அது. செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வைத்திருப்பதால் வந்த பேர். பட்டணத்துக்காரனுக்கு அது தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது பேர் மட்டும்தான். ஊர் பேர் தெரியாமல் செத்த மனுஷர்களையெல்லாம் கொண்டுபோய் அடுக்கி வைத்திருக்கிற இடம் என்று நினைத்தோம். "காலேஜ்னா பெரிய கட்டடமாத்தான் இருக்கும். எத்தினி பேரு செத்துக்கினு கீறான், இடம் வேணும்ல" என்றார் மூத்தார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

"அங்க இருந்தாருன்னா எடுத்துடறேன்" என்றது அக்கா. "இல்லைன்னா?"

"இல்லைன்னா... அப்பால பார்ப்போம்."

"அப்பால இல்ல மாமா. இல்லைன்னா காரியப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. இந்தத் தம்பி சாட்சி."

மூத்தார் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

விழுப்புரத்தில் ரயில் ஏறினோம். வழியில் யாரும் பேசவில்லை. எழும்பூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தோம். சிவப்புச் சிவப்பாகக் கட்டடங்கள். வாசலில் பீரங்கி. மூத்தார் அதைப் பார்த்ததும் ஒரு மரத்தடியில் குந்திவிட்டார்.

"நீங்க போங்க. எனக்கு நெஞ்சு தாங்காது. இருந்தான்னா அங்கேருந்து கத்தாதீங்க. மெதுவா வந்து சொல்லுங்க."

உள்ளே போனோம். போனதும் தலைக்கு மேலே எலும்பு. வீட்டுக் கூரை மாதிரி விலா எலும்பு. "யக்கா, இவரு யாரு, இவ்ளோ பெரிய ஆளு?" என்று கேட்டேன்.

"மீனுடா. வாயைப் பாரு."

அக்காவின் கை என் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான்தான் எப்போதும் அக்காவின் பின்னால் ஒளிவேன். அன்றைக்கு அது என் பின்னால் வந்தது. கண்ணாடிக் கண்ணோடு சிறுத்தை. பல்லைக் காட்டிக்கொண்டு ஓநாய். பெட்டிக்குள் பாம்பு. கை உடைந்த சாமிகள், தலை இல்லாத சாமிகள், யாரைக் குத்தியதோ தெரியாத கத்திகள். ஒவ்வொரு வாசலிலும் அக்கா நின்று மூச்சை இழுத்துக்கொண்டு, "நீ முன்னால போ" என்றது. நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனேன். பயத்திலும் பாதியாவது மிச்சம் பிடிக்கலாமே என்று.

ஒரு கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மனுஷ எலும்புக்கூடு நின்றது.

என்னைவிடக் கொஞ்சம் உயரம். இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, யாராவது பேசமாட்டார்களா என்கிற மாதிரி நின்றது.

அக்கா துண்டை விட்டது. "கூப்புடு தம்பி."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மண்டியே அதிரக் கத்துகிற தொண்டையில் ஒரு கொசுவின் சத்தம்கூட இல்லை. மறுபடியும் திறந்தேன். ம்ஹூம்.

அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் போய் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தது.

"ஆறுமுகம்" என்றது.

கத்தவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவரை எழுப்புகிற மாதிரி சொன்னது. அந்தத் தாடை அசைந்துவிடும், "இன்னாடி" என்று கேட்டுவிடும் என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அக்கா அதன் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இது இல்லடா" என்றது. குரல் அழுகிறதா சிரிக்கிறதா தெரியவில்லை. "அவருக்கு முன்பல்லு ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு மல்லாட்டைப் பருப்பு போவும். இவருக்குப் பாரு, அடைச்சுக்கினு கீது."

காக்கிச் சட்டை போட்ட காவலாள் ஓடிவந்தார். "யம்மா! கண்ணாடியில பொட்டு வெக்கிறியே, இன்னா சாமி ரூமா இது?"

கண்ணாடியில் குங்குமம் ஒட்டியிருந்தது. அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டது: "அண்ணே, மத்தவங்களையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"எந்த மத்தவங்க?"

"செத்தவங்க. ஆம்பளைங்க. ஊரு பேரு தெரியாதவங்க."

அவர் சிரிக்கப் போனார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "யாரைம்மா தேடுறே?"

"அது வூட்டுக்காரரை" என்று நான் சொன்னேன். இப்போது குரல் வந்தது, வேண்டாத நேரத்தில்.

"இது மிருகம், சிலை, பழைய சாமானுங்கல்லாம் பாக்கற எடம்மா. இந்த ஒண்ணு படிக்கிற பசங்களுக்காக வெச்சிருக்காங்க. காணாமப் போனவங்களை இங்க யாரும் கொண்டாந்து வெக்க மாட்டாங்க."

"அப்ப எங்க வெப்பாங்க?"

"எங்கயும் வெக்க மாட்டாங்கம்மா. யாருமில்லாம செத்தா, செத்த ஊருலயே அப்பவே பொதைச்சிடுவாங்க. அவ்ளோதான்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. கோட்டை கோட்டையாகக் குனிந்து பார்த்த அத்தனை பள்ளமும் அதன் கண்ணுக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. மண்ணுக்கு மேலே தேடியதெல்லாம் வீண். மண்ணுக்குக் கீழே யார் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? காவலாள் என்ன செய்வதென்று தெரியாமல், "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார். அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டியது.

எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தடியில் மூத்தார் இருக்கிறார். இவ்வளவு பேரும் நம்பின காலேஜ் வெறும் பேர் என்று தெரிந்தால், சாட்சி, பேச்சு எல்லாம் போச்சு. கார்த்திகைக்குள் தர்ப்பை வந்துவிடும், தாலி போய்விடும்.

அக்கா எழுந்தது. அந்த எலும்புக்கூட்டுப் பெட்டிக்கு முன்னாலேயே நின்று, கண்ணாடியில் முகம் பார்த்தது. கலைந்த குங்குமத்தைச் சுண்டுவிரலால் வட்டமாகச் சரிசெய்தது. பூவைத் திருப்பி வைத்துக்கொண்டது. நான் பக்கத்தில் நின்றிருந்ததால் எனக்குத் தெரிந்தது: கண்ணாடியில் அக்காவின் முகமும், அதற்குப் பின்னால் அந்த மண்டை ஓடும், ஒன்றின் மேல் ஒன்றாக. செஞ்சிக் கிணற்றில்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

"வா, போலாம்."

மூத்தார் எங்களைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இருந்தானா?"

"நல்லாப் பார்த்துட்டேன் மாமா. அவரு அங்க இல்ல."

"எல்லா ரூமும் பார்த்தியா?"

"மேல, கீழ, எல்லாம். நீங்க வேணா ஒரு தபா போய்ப் பாருங்க."

மூத்தார் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "நீயும் பார்த்தியாப்பா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ரோட்டில் போகிற ஜட்கா வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தேங்க" என்றேன். "அவரு இல்லீங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் பீரங்கியைப் பார்த்தேன். பொய் என்றால் பழக்கம்.

மூத்தார் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, அப்புறம் அதையும் எடுத்துவிட்டு, போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதார். "அப்ப எந்தம்பி உசுரோடதான் கீறாம்மா! எங்கயோ கல்லைப் பார்த்துக்கினு நிக்கிறான் நாயி!" எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் மல்லிகைப் பூ வாங்கினார். தம்பி பெண்டாட்டியின் கையில் நேராகக் கொடுக்கக் கூடாதே, என்னிடம் நீட்டினார். "இந்தாப்பா, வெச்சுக்கச் சொல்லு."

தையில் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டில் யாரோ முணுமுணுத்ததற்கு, "மெட்ராஸ்ல செத்த காலேஜ்லயே போய்ப் பார்த்துட்டோம்யா, ஆளு அங்க இல்ல!" என்று மூத்தார் பந்தல் அதிரச் சொன்னார். அதற்கு மேல் யார் பேசுவார்கள்? அக்கா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் வந்தது.

இனிமேல் அக்கா எங்கும் கூப்பிடாது என்று நினைத்தேன். அதற்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே. அடுத்த ஆயுத பூஜைக்கு லாரிக்குச் சந்தனம் பூசி நிறுத்தியிருந்தார்கள். அக்கா வந்தது. தலைநிறையக் கனகாம்பரம்.

"எந்தக் கோட்டைக்கா?" என்றார் டிரைவர்.

"கோட்டை வாணாம். மெட்ராஸ்ல உயிர் காலேஜ்னு ஒண்ணு கீதாமே. அங்க போலாம்."

எல்லாருக்கும் ஒரே குஷி. புலி, கரடி, குரங்கு என்று கத்திக்கொண்டு ஏறினார்கள். நான் அக்காவைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"யக்கா, உயிர் காலேஜ்னா மிருகங்கதான். உசுரோட கீற மனுசங்களை அங்க புடிச்சு வெச்சிருக்க மாட்டாங்க."

"தெரியும்டா."

"அப்பால?"

"ஊர் ஊராக் கூட்டம் வரும்ல, வேடிக்கை பாக்க. அவரு வேடிக்கைன்னா உசுரை வுட்..." அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டது. நான் இருமலாமா என்று யோசித்தேன்.

"அக்கா, அங்க புலி கீது. நான் கத்தினா அது கத்தும். எனக்கு ஆவாது."

"நீ கத்த வாணாம்" என்றது அக்கா, லாரியில் ஏறக் கையை நீட்டிக்கொண்டே. "பேரை நானே கூப்ட்டுக்கிறேன். நீ கூட நில்லு, போதும்."